பச்சை ரெயின்கோட்டோடு பேசியவன்

எதிரில் நிற்கும் பெண்ணிடம் என்னால் பேச முடியாது. இதை ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ள மருத்துவர்கள் தயாராக இல்லை என்றாலும், நோய்க்குரிய எல்லா அறிகுறிகளும் எனக்கு உண்டு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். காது சுடும். இரண்டு கைகளும், யாரோ கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி ஆகிவிடும். (திருச்சியில் கல்லூரியில் படித்தபோது வகுப்புத் தோழி ஒருத்தி மணி என்ன என்று கேட்டாள். கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.) முகத்தைப் பார்க்கத் தேவையில்லை என்றால் மட்டும் நான் வேறு ஆள். தொலைபேசியில் பேசுவேன். காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து சாலையைப் பார்த்தபடி மணிக்கணக்கில் பேசுவேன். அப்போது என்னை நிறுத்துவதுதான் கஷ்டம்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்க்கும் பொறுப்பை ஆக்லாந்தில் ஏற்றுக்கொண்டவர் கமலா அக்கா. ஆல்பனியில் நான் மென்பொருள் சோதனை வேலை பார்த்த அலுவலகத்து மேனேஜரின் மனைவி. மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவர். கோயிலில் கல்யாணமாகாத ஒருவரைப் பார்த்துவிட்டால் பிரசாதம் வாங்கக்கூட விடமாட்டார். ஜாதகத்தைத்தான் முதலில் கேட்பார். அவர் எனக்காகக் கண்டுபிடித்த பெண்ணின் பெயர் தர்சினி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். ஒடாஹுஹுவில் ஒரு மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். படித்தவள், கெட்டிக்காரி, நல்ல உயரம் என்று அக்கா சொன்னார். கடைசி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொன்னார். நான் உயரத்தில் சிக்கனமாகச் செய்யப்பட்டவன். எனவே அந்த இரவு முழுக்க மற்ற இரண்டையும் மறந்துவிட்டு அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்காரும் பெண் பார்ப்பதற்கெல்லாம் தர்சினி சம்மதிக்கவில்லையாம். அதனால் அக்கா ஒரு திட்டம் போட்டார். வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எரிமலை வாய், கறுப்பு மணல் கடற்கரை, காட்டு அருவி என்று ஒரே நாளில் காட்டிவிட்டுத் திரும்பும் சுற்றுலாக்கள் உண்டு. அதில் ஒன்றில் தர்சினி தன் அம்மாவோடு வருவாள். அக்காவும் நானும் தற்செயலாக வருவதுபோல வருவோம். பிடித்தால் பேசிக்கொள்ளலாம். பிடிக்காவிட்டால் அருவியையாவது பார்த்த மாதிரி இருக்கும். அன்றைக்குள் நான் அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசாவிட்டால், இனி ஜாதகத்தோடு தன் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றும் அக்கா சொல்லிவிட்டார். ஊரில் அம்மாவோ போனை எடுக்கும்போதெல்லாம் எனக்கு வயது ஏறுவதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அது குளிர்காலம். அன்று காலையிலேயே ஊர் முழுவதும் மூடுபனி. ஒனிஹங்காவில் என் வாடகை வீட்டு வாசலில் வேன் வந்து நின்றபோது முன்விளக்கு இரண்டும்தான் முதலில் தெரிந்தன. வண்டி பிறகுதான் வந்தது. வழிகாட்டி ஜூடி என்ற பெண்மணி. தணிந்த குரலில், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது போலவே பேசுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாவது வரிசையில் ஒரு நீண்ட பின்னல் தெரிந்தது. மவுண்ட் ஈடன் மலைக்குப் போய்ச் சேரும்வரை நான் பார்த்த மணப்பெண் அந்தப் பின்னல்தான்.

அங்கே இறங்கியதும் ஜூடி எல்லோருக்கும் ரெயின்கோட் கொடுத்தார். எல்லாம் கரும்பச்சை. எல்லாம் ஒரே அளவு, அதாவது பெரிய அளவு. கோட்டோடு சேர்ந்த தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டதும் வேனில் வந்த ஆட்கள் காணாமல் போய், ஏதோ மடத்திலிருந்து ஊர்வலம் கிளம்பியது போல ஆகிவிட்டது. எனக்கு மட்டும் கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்கியது.

எரிமலை வாய் என்பது மலையுச்சியில் இருக்கும் ஒரு பெரிய பள்ளம். மற்ற நாட்களில் அடிவரை பச்சைப் புல் தெரியும். அன்று விளிம்புவரை பனி நிரம்பி, ஒரு அசைவும் இல்லாமல் கிடந்தது. அது மாவோரி மக்களுக்குப் புனிதமான இடம், உள்ளே கால் வைக்கக்கூடாது என்று ஜூடி சொன்னார். பிறகு அதே தணிந்த குரலில், இந்த நகரம் முழுவதுமே எரிமலைகளின் மேல்தான் இருக்கிறது, அவை செத்துப்போகவில்லை, தூங்குகின்றன, அடுத்தது பழைய இடத்தில் வராது, புதிதாக எங்கேயாவது கிளம்பும், எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தர்சினியின் அம்மா மகளிடம் மெதுவாகக் கேட்டார். "அப்ப உந்த வீட்டு மோர்ட்கேஜ் கட்டுறது எதுக்கு?"

நான் சிரிப்பை அடக்கப் போய் இருமிவிட்டேன். பள்ளத்தின் அடியிலிருந்து யாரோ திருப்பி இருமினார்கள். என் இருமல்தான், பனியில் போய்த் திரும்பியிருக்கும். ஆனால் அது என்னுடையதைவிட வயதான இருமலாக இருந்தது. அதன்பிறகு மலையிறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை.

அங்கிருந்து மேற்கே பிஹா கடற்கரை. அங்கேயும் பனி கூடவே வந்திருந்தது. கடல் இரைவது கேட்டது, கடலைக் காணோம். மணல் தார் போலக் கறுப்பு. எரிமலைப் பாறையிலிருந்து வந்த இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறம் என்று ஜூடி விளக்கினார். நான் நடந்து வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஈரத்தில் ஒவ்வொரு காலடியும் தன்னைத்தானே அழித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் கமலா அக்கா என் முதுகில் கைவைத்துத் தள்ளினார். தள்ளிய வேகத்தில் போய் நின்ற இடத்தில் தர்சினி நின்றிருந்தாள். அக்கா உயரம் என்று சொன்னதில் மிகையில்லை. என் கண்ணுக்கு நேரே அவளுடைய கோட்டின் மேல் பட்டன்தான் இருந்தது.

"நீங்கள்தானே சரவணன்?" என்றாள்.

ஆமாம் என்று சொன்னால் போதும். தலையாட்டினால்கூடப் போதும். நான் குனிந்து ஒரு பிடி கறுப்பு மணலை அள்ளி, அவள் முன்னால் நீட்டி, "இரும்பு" என்றேன்.

அவள் மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. "ஓம்" என்று யாழ்ப்பாணத்து ஆமாம் ஒன்றை மரியாதையாகச் சொல்லிவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். நான் மணலைக் கீழே போடத் தோன்றாமல் வேன்வரை கையிலேயே கொண்டுவந்தேன்.

அருவிக்குப் போகும் பாதை காட்டுக்குள் ஒரு கார் நிறுத்துமிடத்திலிருந்து தொடங்குகிறது. அன்று எங்கள் வேனைத் தவிர வேறு வண்டி இல்லை. பாதையின் வாயில் ஒரு மரச்சட்டமும் பிரஷ்களும் மருந்துத் தெளிப்பானும் இருந்தன. கவ்ரி என்ற பெரிய மரங்களுக்கு மண் வழியாக நோய் பரவுகிறதாம். அதனால் உள்ளே போகிறவர்கள் செருப்பைத் துடைத்து மருந்தில் நனைத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஒவ்வொருவராகக் காலை நீட்டி நனைத்துக்கொண்டு பனிக்குள் போவதைப் பார்க்க எனக்கு ஏனோ நல்லதாகப் படவில்லை. உள்ளே ஓடையின் இரண்டு கரையிலும் இரண்டு பாதைகள் போகும், இரண்டும் அருவியில்தான் சேரும், நாம் இடது பக்கம் போகிறோம் என்று ஜூடி சொல்லியிருக்கிறார். நான் ஷூவின் லேஸோடு போராடிக்கொண்டிருந்ததால் அதைக் கேட்கவில்லை.

நிமிர்ந்தபோது பக்கத்தில் கமலா அக்கா மட்டும் நின்றிருந்தார். வலது பக்கப் பாதையில், மரங்களுக்கு நடுவே, தொப்பி போட்ட உயரமான ஒரு பச்சை உருவம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

"அங்க போறா பாரு, தனியா," என்றார் அக்கா. "போ லா. இப்பவும் பேசலன்னா அப்புறம் என்கிட்ட வராதே."

நான் போனேன்.

இந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கே பாம்பு கிடையாது, புலி கிடையாது, கடிக்கிற எதுவும் கிடையாது. அதுதான் பயமே. நம்மூர்க் காட்டில் எதற்குப் பயப்படவேண்டும் என்று தெரியும். இங்கே குடை மாதிரி விரிந்த மரப்பெரணிகள் தலைக்கு மேல் சொட்டிக்கொண்டு நிற்கின்றன, பாசி எல்லாவற்றையும் போர்த்தியிருக்கிறது, காலடிச் சத்தம் கேட்பதில்லை. டூயி என்று ஒரு கறுப்புப் பறவை உண்டு. பாடும்போது பாடும், நடுவில் நிறுத்திவிட்டு, கிழவர் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம் போடும். அருவி எங்கேயோ விழுந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஒரு சமயம் முன்னால், ஒரு சமயம் முதுகுக்குப் பின்னால்.

உருவம் நிதானமாக நடந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு நான் நடந்தேன். அப்போதுதான் எனக்கு அது உறைத்தது: முகம் தெரியவில்லை. பின்னல்கூடக் கோட்டுக்குள் மறைந்திருந்தது. முன்னால் ஒரு பச்சை முதுகு, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் இதைவிட வசதியான பெண் பார்க்கும் சந்தர்ப்பம் வரப்போவதில்லை.

வாய் தானாகத் திறந்துகொண்டது. முதலில் மணலுக்கு மன்னிப்புக் கேட்டேன். பதில் இல்லை, ஆனால் நடையும் நிற்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் அனுப்பிய புகைப்படம் பழையது, அதில் இருக்கும் முடியில் பாதிதான் இப்போது கைவசம் இருக்கிறது என்று சொன்னேன். சமைப்பேன் என்று அக்கா சொல்லியிருப்பார், அது ரசம் ஒன்றைப் பற்றி மட்டும்தான் என்றேன். மோட்டார்வேயில் கார் ஓட்டப் பயம், அதனால் ஆல்பனிக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன் என்பதையும் சொன்னேன். உண்மைகள் ஒவ்வொன்றாக விழ விழ உடம்பு லேசானது.

திடீரென்று உருவம் நின்றது. நானும் நின்றுவிட்டேன். நெருங்கிப் போனால் முகத்தைப் பார்க்க வேண்டிவருமே.

பாதையோரம் பெரணிச் செடிகளுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. சின்னக் குழந்தையைக் கிடத்தலாம், அந்த அளவு. உருவம் அதன் முன்னால் மண்டியிட்டு மூடியைத் திறந்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு புட்டியை எடுத்து, கரண்டியால் எதையோ தோண்டிப் பெட்டிக்குள் தடவியது. மூடியது. எழுந்து நடந்தது.

நான் இரண்டு அடி பின்வாங்கினேன். ஆனால் கல்யாண ஆசை எப்பேர்ப்பட்ட அறிவையும் மழுக்கிவிடும் (எனக்கு அதிகம் மழுக்கத் தேவையிருக்கவில்லை). யாழ்ப்பாணத்தில் வனதேவதைக்குப் படையல் வைக்கும் வழக்கம் ஏதாவது இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். பக்தியுள்ள பெண். அம்மாவுக்குப் பிடிக்கும். பெட்டியைக் கடந்தபோது மூக்கில் ஒரு வாசம் பட்டது. மோகினி வந்தால் மல்லிகை மணக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இது வேர்க்கடலை வாசம்.

மறுபடி பேசினேன். இப்போது பயத்தில் வேகமாகப் பேசினேன். வளைவு வளைவாகப் பாதை ஏறியது. உருவம் இன்னொரு பெட்டியின் முன் மண்டியிட்டது. நான் தூரத்தில் நின்றேன். எழுந்தது, தொடர்ந்தேன். ஒரு தடவை அது நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்து, எதையோ கேட்பது போல இருந்துவிட்டு முன்னைவிட வேகமாக நடந்தது. என் பேச்சு அவளைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்தத் துணிச்சலில், அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்ல பைன்னு சொல்லிட்டு வந்தா, திங்கட்கிழமை காலைல வரைக்கும் நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசறதில்லீங்க. வீட்ல இருக்கிற ரெண்டு பேரும் நைட் ஷிஃப்ட். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா, குரல் இருக்கா போயிடுச்சான்னு பாக்கறதுக்காகவே தெருமுனை டெய்ரிக் கடைல போய்ப் பால் வாங்குவேன். வீட்ல பால் இருக்கும். இருந்தாலும் வாங்குவேன்."

உருவம் மூன்றாவது பெட்டியைத் திறந்தது. இந்தத் தடவை புட்டியை எடுக்கவில்லை. உள்ளே கைவிட்டு எதையோ இழுத்தது. வாலைப் பிடித்துத் தூக்கியது. பெரிய எலி. செத்த எலி. அதைப் பனிக்கு நேரே பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு கையை வீசி, காட்டுக்குள் தூரமாக எறிந்தது. இலைகளுக்குள் அது விழும் சத்தம் கேட்க நெடுநேரம் ஆனது போல இருந்தது.

பேச்சை நிறுத்தாமலே இதற்கும் ஒரு காரணம் தேடினேன். மருந்து படித்தவள், எலியெல்லாம் பழக்கமாக இருக்கும் என்று மனத்துக்குள் வாதாடிப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் காற்று அசைந்தது. ஓடையின் மேல் பனி இரண்டாகக் கிழிந்து, எதிர்க்கரை தெரிந்தது.

அங்கே அருவி இருந்தது. உயரமான கரும்பாறையிலிருந்து வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. அதன் அடியில் குளம். குளத்தருகே பெஞ்சுகள். பெஞ்சுகளில் எங்கள் வேன் ஆட்கள். ஜூடி இருந்தார். இடது பாதையில் குழுவோடு போய்ச் சேர்ந்திருந்த கமலா அக்கா, பெஞ்சுப் பக்கம் திரும்பாமலே அருவியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு, பின்னல் தோளில் கிடக்க, ஃப்ளாஸ்க் மூடியில் தேநீர் குடித்தபடி தர்சினி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா. அந்தக் கூட்டத்தில் இல்லாத ஒரே ஆள் நான்தான்.

வாயில் பாதி வாக்கியம் நின்றுபோனது.

தர்சினி அங்கே இருக்கிறாள். அப்படியானால் நான் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டு வந்தது யாரிடம்?

என் பேச்சு நின்றதும் காட்டில் ஒரு பெரிய அமைதி வந்தது. பறவைகூடச் செருமவில்லை. முன்னால் நின்ற உருவத்துக்கும் அந்த அமைதி எட்டியிருக்க வேண்டும். அதன் தோள்கள் மெல்ல உயர்ந்தன. தலை திரும்பத் தொடங்கியது. ஓடிவிட வேண்டும் என்று மூளை சொன்னது, கால் கேட்கவில்லை. பச்சைத் தொப்பி முழுவதுமாகத் திரும்பியது. உள்ளே முகம் தெரியவில்லை. அதற்கடியிலிருந்து நெஞ்சுவரை வெள்ளையாக ஒரு தாடி தொங்கியது.

"முருகா" என்று கத்தினேன்.

தாடியும் கத்தியது. என்னைவிடப் பெரிதாக, கரகரத்த குரலில் கத்தியது. அது ஒரு பக்கம் ஓட, நான் இன்னொரு பக்கம் ஓடினேன். நான் ஓடிய பக்கத்தில் பாதை இல்லை என்பது கால் காற்றில் போனபிறகுதான் தெரிந்தது. பெரணிகளின் மேல் முதுகால் வழுக்கி, சேற்றில் உருண்டு, ஓடையில் விழுந்து, எழுந்து, ஒரு ஷூவைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, இடுப்பளவு குளத்தின் வழியாகக் கரையேறினேன். அருவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ட காட்சி இதுதான்: அருவிக்குக் கீழேயிருந்து கறுப்புச் சேறு பூசிய குட்டையான ஒன்று, தலையில் பெரணி இலை செருகிக்கொண்டு, சத்தமில்லாமல் நடந்து வருகிறது.

தர்சினியின் அம்மா சிவசிவா என்றபடி மகளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டார். அம்மாவைவிட மகள் உயரம் என்பதால் அதனால் பலனில்லை. தர்சினி கையை விடுவித்துக்கொண்டு கிட்டே வந்தாள். குனிந்து என் தொப்பிக்குள் பார்த்தாள்.

"சரவணனோ?" என்றாள். "என்ன நடந்தது உங்களுக்கு?"

எவ்வளவோ சொல்ல நினைத்தேன். வந்தது ஒரே சொல். "தாடி."

ஜூடி போர்வை கொண்டுவந்தார். தர்சினி அந்தத் தேநீரைக் கொடுத்தாள். அதைக் குடித்தபிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. கமலா அக்காவின் முகம் வெளிறிவிட்டது. "நானும்தான் பாத்தேன்," என்றார். "நான்தான் காட்டி அனுப்பினேன். அப்போ அது யாரு?" ஜூடி எல்லோரையும் தலை எண்ணினார். பிறகு மறுபடி எண்ணினார். இன்று வேறு குழு எதுவும் இல்லை, கார் நிறுத்துமிடத்திலும் வேறு வண்டி இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுவரை தூங்குகிறவரைக் கருதிப் பேசுவது போல இருந்த அவர் குரல், அப்போது தூங்குகிறவர் விழித்துவிட்டது போல இருந்தது. பனி மறுபடி குளத்தின் மேல் இறங்கியது. எல்லோரும் ஒருவரை ஒருவர் நெருங்கி உட்கார்ந்துகொண்டோம்.

மேலே பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. சீரில்லாத, அவசரமான காலடி. உயரமான பச்சை உருவம் பனியை விட்டு வெளியே வந்தது. தர்சினியின் அம்மா என் கையைத்தான் பிடித்தார் (பயத்தில் யார் கை என்று பார்க்கவில்லை; பார்த்திருந்தால் பிடித்திருக்க மாட்டார்).

உருவம் தொப்பியைக் கழற்றியது. எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரர். கழுத்தில் பெரிய ஹெட்ஃபோன். கையில் பாதி காலியான வேர்க்கடலை வெண்ணெய்ப் புட்டி. மூச்சு வாங்கியது. அவர் நேராக ஜூடியிடம் வந்து, யாரையும் மேல் பாதைக்கு விடாதீர்கள், அங்கே ஏதோ இருக்கிறது என்றார்.

அவர் பெயர் ராஸ். பறவைகளைக் காப்பாற்றுவதற்காக எலிப்பொறி வைத்துப் பராமரிக்கும் தொண்டர். மலையின் மறுபக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பாதையின் வாய்வரை இறங்கி வந்து, அங்கிருந்து ஒவ்வொரு பொறியாகப் பார்த்துக்கொண்டு திரும்புகிறவர். பொறிகளுக்கு வேர்க்கடலை வெண்ணெய்தான் இரை. நடக்கும்போது ஹெட்ஃபோனில் கதை கேட்பது வழக்கம். அன்று கேட்டது பேய்க்கதை. அதிலும், ஒருவனைப் பனியில் ஏதோ பின்தொடரும் கட்டம். அத்தியாயங்களுக்கு நடுவே விழும் மௌனத்தில் தன் பின்னால் ஒரு முணுமுணுப்புக் கேட்டதாம். ஓரக்கண்ணால் பார்த்தால் தரையைத் தொடும் அங்கியோடு குள்ளமாக ஒன்று. "நான் நின்றால் அதுவும் நிற்கிறது. நான் நடந்தால் அதுவும் நடக்கிறது. கிட்டே வருவதே இல்லை," என்று சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டார். அவர் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு வேகமாக நடந்திருக்கிறார். என்ன பேசியது என்று ஜூடி கேட்டார். மொழி தெரியவில்லை, ஜெபம் மாதிரி இருந்தது, ஆனால் ரொம்பச் சோகமான ஜெபம் என்றார்.

எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். போர்வைக்குள்ளிருந்து கையைத் தூக்கி, அது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

முதலில் சிரித்தது ராஸ். பிறகு ஜூடி. கமலா அக்கா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தர்சினியின் அம்மா சிரிக்கவில்லை. என் கையை விட்டுவிட்டு, என்னைக் கால் முதல் தலைவரை பார்த்தார். அந்தப் பார்வையில் என் கல்யாணப் பேச்சு முறிந்துவிட்டது தெரிந்தது. இனி அக்கா வீட்டுப் பக்கமும் போக முடியாது, ஊரிலிருந்து வரும் போனையும் எடுக்க முடியாது. ஒற்றை ஷூவோடு நொண்டி நொண்டி வேனுக்குப் போய்க் கடைசி வரிசையில் ஒடுங்கிக்கொண்டேன்.

வேன் கிளம்பும் நேரத்தில் தர்சினி எழுந்து வந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடி கேட்டாள்.

"அந்த மனுசனிட்ட அவ்வளவு நேரமும் என்ன கதைச்சனீங்கள்?"

"உங்ககிட்டன்னு நினைச்சுத்தாங்க பேசினேன்."

"அது தெரியும். என்ன கதைச்சனீங்கள்?"

நானும் முன் இருக்கையைப் பார்த்தேன். புகைப்படத்தைச் சொன்னேன். ரசத்தைச் சொன்னேன். மோட்டார்வேயைச் சொன்னேன். கடைசியில், கொஞ்சம் தயங்கி, ஞாயிற்றுக்கிழமைப் பாலைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே காடு முடிந்து வீடுகள் தொடங்கின. பிறகு, தான் கடை மூடியபிறகும் கொஞ்ச நேரம் கவுன்டருக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பதுண்டு, அன்று கடைசியாக வந்தவர் இருமலுக்கு மருந்து கேட்டாரா, அல்லது பேச ஆள் தேடி வந்தாரா என்று யோசித்தபடி, என்றாள். அது என்னைப் பற்றியா, அவளைப் பற்றியா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். ரெண்டும்தான் என்றாள்.

அவள் அம்மா தீர்ப்புச் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அக்கா மூலம் வந்த தீர்ப்பு இது: "என்ர மகளுக்குச் சொல்ல வேண்டியதை ஒரு கிழவனிட்டச் சொன்னவர். எண்டாலும் கிழவன் பயந்து ஓடிட்டான். இவள் ஓடேல்லை. நான் என்ன செய்யிறது?"

கல்யாணத்துக்கு ராஸைக் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் தர்சினி. அவர் வேட்டி கட்டிக்கொண்டு, தாடியைச் சீவிக்கொண்டு வந்தார். அவர் யார் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது என் மாமியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "உவர்தான் மாப்பிள்ளையின்ர மூத்த தாரம்," என்றார். அன்று ஒட்டிய பெயர் இன்றுவரை உரியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ராஸ் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் மாமியார் உள்ளே குரல் கொடுப்பார், மூத்தவ வந்திட்டா, இலையைப் போடு என்று. நானும் அவரும் தோட்டத்து வேலியைப் பார்த்தபடி பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். அவருக்கு இப்போதும் தமிழ் தெரியாது. நான் பாதி தமிழில்தான் பேசுகிறேன்.

போன வருடம் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியை எங்கள் இருவரையும் வரச் சொன்னார். கதவைச் சாத்தினார். தண்ணீர் கொடுத்தார். குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொன்ன வகுப்பில், அப்பாவுக்கு அம்மாவுக்கு முன்னால் இன்னொருவர் இருந்தார், அவரைக் காட்டில் சந்தித்தார், அவருக்கு வெள்ளைத் தாடி, இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருகிறார், பாட்டிகூட அவரை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். இந்த ஏற்பாட்டில் வீட்டில் யாருக்கும் மனவருத்தம் இல்லையே என்று ஆசிரியை மிக நாகரிகமாகக் கேட்டார்.

நான் விளக்குவதற்கு வாயெடுத்தேன். ஆசிரியையின் முகம் நேர் எதிரே இருந்தது. நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது.

தர்சினிதான் பதில் சொன்னாள். அவர்கள் இரண்டு பேருக்குள்ளும் நல்ல ஒற்றுமை, தனக்கும் அதில் வருத்தமில்லை, மூத்தவர் வரும் நாட்களில் மீன்குழம்பு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டியிருக்கிறது என்றாள்.